மச்சத்தைப் பார்த்துப் பயம் வந்தால்: பாதத்தில் தொடங்கும் முழு வழிகாட்டி

என் இடது பாதத்தில், குதிகாலுக்குச் சற்று முன்னால், ஒரு கறுப்புப் புள்ளி. எப்போது வந்ததென்று தெரியாது. ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு போன் வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு விடியும்வரை தூங்கவில்லை. கடைசியில் அது சாதாரண மச்சம்தான். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதம் பிடித்தது, ஏனென்றால் முதலில் செய்ய வேண்டியதை எல்லாம் கடைசியில் செய்தேன்.

அதற்கப்புறம் சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவிலிருந்தும், ஏற்காட்டில் அம்மா வீட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்தும் பலரைத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். நான் மருத்துவர் இல்லை. நோயைக் கண்டுபிடிக்க இங்கே சொல்லித்தரவில்லை. எதைக் காட்ட வேண்டும், எப்போது காட்ட வேண்டும், போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நெட்டில் தேடினால் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் முதுகும் தோளும். நம் போன்ற தோலில் மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்று அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வருகிறது. மற்றொரு வகைத் தோல் புற்று பழைய தீத்தழும்பிலும் ஆறாத புண்ணிலும் கிளம்புகிறது. கன்னத்து மச்சத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தங்கள் உள்ளங்காலைப் பார்த்தே வருடங்கள் ஆகியிருக்கும். அதனால்தான் இந்த வரிசை காலிலிருந்து தலைக்குப் போகிறது.

1. முன்னதாக எடுத்து வைக்க வேண்டியவை

பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, சுவரில் பெரிய கண்ணாடி, போன், ஒரு நோட்டு. முதுகையும் பிடரியையும் பார்க்க வீட்டில் ஒருவர் துணை வேண்டும்.

அதோடு உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ். சிரிக்காதீர்கள், எனக்கு மிகவும் உதவியது இதுதான். அதில் அங்க அடையாளம் என்று இரண்டு மச்சங்களை எழுதியிருப்பார்கள். ‘வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம்’ என்று அன்றைக்கே எழுதியிருந்தால், அது பல வருடமாக அங்கே இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. டாக்டர் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை நாளா இருக்கு?’ என்பதுதான். பாதிப் பேர் அதற்குத் திணறுகிறார்கள். பழைய கல்யாண ஆல்பமும் உதவும்.

2. நாளும் வெளிச்சமும்

காலை வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் பாருங்கள். டியூப்லைட்டில் பழுப்பு கறுப்பாகத் தெரியும்; போன் டார்ச்சில் எல்லா மச்சமும் பயமுறுத்தும். எண்ணெய்க் குளியல் நாள் நல்லது, எப்படியும் முதுகு தேய்க்க ஆள் இருக்கும். ஆனால் எண்ணெய் வைப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். எண்ணெய் மினுக்கில் படம் சரியாக விழாது.

மருதாணி வைத்திருந்தால் உள்ளங்கையும் பாதமும் வெளுக்கும்வரை காத்திருங்கள். நகத்தில் ஏறிய சிவப்பு போகப் பல மாதம் ஆகும், எனவே அடுத்த முறை நகத்தை மட்டுமாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். நெயில் பாலிஷை அழித்துவிடுங்கள். காலில் மஞ்சள் பூசுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்திக்கொள்ளலாம்.

3. முதலில் பாதம்

வெந்நீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது கட்டாயம். வெடிப்புக்குள் போன மண்ணும் கறையும் மச்சம் மாதிரியே நிற்கும். ஒரு எஸ்டேட் அம்மா ‘இது பொறந்ததுல இருந்தே இருக்குதுங்க கண்ணு’ என்று காட்டிய மூன்று புள்ளிகளில் இரண்டு வெந்நீரில் போய்விட்டன. மூன்றாவதைத்தான் டாக்டரிடம் காட்டினோம்.

பிறகு உள்ளங்கால், குதிகால் ஓரம், விரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விரலிடுக்கை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓடியாடியதில் குதிகாலில் ரத்தம் கட்டினாலும் கறுப்பாகத் தெரியும். அது சில வாரத்தில் தோலோடு மேலே வந்து உதிர்ந்துவிடும். உதிராமல் அகலமாகிறது, அல்லது ஓரத்தில் மை கசிந்தது போலப் பரவுகிறது என்றால் காட்ட வேண்டியது அது.

எல்லாம் கறுப்பாகவே இருக்கும் என்றும் நம்பாதீர்கள். சில மெலனோமாக்கள் நிறமே இல்லாமல், இளஞ்சிவப்புச் சதை போலவோ புண் போலவோ இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இங்கேதான் பெரிய ஆபத்து. காலில் ஆறாத புண் என்றால் வீட்டில் எல்லோரும் ‘சர்க்கரைப் புண்’ என்று முடிவுகட்டிவிட்டு மாதக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் சர்க்கரைப் புண்தான். இருந்தாலும் நாலு வாரம் சரியான சிகிச்சை எடுத்தும் சுருங்காத புண்ணுக்கு ‘இதுல சதை எடுத்து டெஸ்ட் பண்ணலாமா, டாக்டர்?’ என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

4. அடுத்து நகம்

நகத்தில் நீளவாட்டில் பழுப்புக் கோடு நம் ஊரில் சகஜம். இரண்டு மூன்று விரல்களில் மெல்லிய கோடுகள் பல வருடமாக அப்படியே இருந்தால் பெரும்பாலும் தோல் நிறத்தின் விளைவுதான்.

காட்ட வேண்டியது வேறு: ஒரே ஒரு நகத்தில், குறிப்பாகக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, புதிதாக வந்து 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான கோடு. நகத்தைத் தாண்டி அதை ஒட்டிய தோலுக்கும் கறுப்பு பரவியிருந்தால் நாளைக்கே போங்கள்.

‘கதவுல நசுங்குனதுதான்’ என்ற பதிலை நான் அடிக்கடி கேட்கிறேன். அதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும், கால்நகம் அதில் பாதி. ரத்தக்கட்டு என்றால் நகத்தோடு சேர்ந்து அதுவும் முன்னால் நகரும், பின்னால் வெறும் நகம் தெரியும். இன்று ஒரு படம், ஒரு மாதம் கழித்து ஒரு படம். நகராமல் அங்கேயே இருந்தால் அது காயம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில் வந்ததும் முதலில் பந்து விளையாடிய காயம் என்றே எண்ணப்பட்டது. 1977-ல் மெலனோமா என்று தெரிந்தது. 1981-ல், 36 வயதில் அவர் இறந்தார்.

5. பழைய தழும்பு, உரசும் இடம்

சேலத்தில் இந்தப் படியைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறையில் பற்றவைக்கும்போது சுட்டுக்கொண்டவர்கள், சின்ன வயதில் அடுப்பில் விழுந்தவர்கள், உடம்பில் பெரிய தீத்தழும்போடு இருக்கிறார்கள். அந்தத் தழும்பில் இருபது முப்பது வருடம் கழித்துக்கூட ஒரு புண் கிளம்பி, ஆறாமல், ஓரம் தடித்துப் புற்றாக மாறுவதுண்டு. தழும்பு பழையது என்பதால் புண்ணையும் பழையது என்று நினைத்துவிடுகிறார்கள்.

என் உறவில் ஒரு பெரியவர் முழங்காலுக்குக் கீழே தழும்பில் வந்த புண்ணுக்கு ஒரு வருடம் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். ‘தோல் வறண்டு வெடிச்சிருக்கு’ என்பார். அது ஸ்குவாமஸ் செல் வகைப் புற்று. தழும்பு மேல் வந்த புண் நாலு வாரத்தில் ஆறவில்லை என்றால், அல்லது பூக்கோசு போல மேலெழும்பினால், நாற்றம் வந்தால், தொட்டாலே ரத்தம் கசிந்தால், களிம்பை மூடி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெண்கள் பாவாடை நாடா கட்டும் இடத்தைப் பாருங்கள். நாடா வருடக்கணக்கில் இறுக்கி உரசிய இடம் கறுத்துத் தடிப்பது சாதாரணம். ஆனால் அங்கே புண் வந்து, ஆறாமலே இருந்து, புற்றான பெண்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெறும் கறுப்பு என்றால் நாடாவை அகலமாக்கி, தளர்த்திக் கட்டுங்கள். புண் என்றால் காட்டுங்கள். வெட்கத்தில் பலர் இதைச் சொல்வதே இல்லை. இந்த ஒரு பத்தியையாவது உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

6. மிச்ச உடம்பும் முகமும்

இதை வேகமாக முடிக்கலாம். கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் சின்ன மரு, நடுவயதில் கன்னத்தில் வரும் கடுகு போன்ற கறுப்புப் புள்ளிகள், மங்கு, மார்பிலும் வயிற்றிலும் வரும் சிவப்புப் புள்ளிகள், வயதானவர்கள் முதுகில் மெழுகு ஒட்டியது போன்ற பழுப்புத் தடிப்பு ஆகிய எதுவும் பொதுவாகப் புற்று இல்லை. வெண்புள்ளியும் புற்று இல்லை, ஒட்டுவதும் இல்லை. தேமல் போன்ற இடத்தில் தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக மருந்து தருகிறார்கள், முழுமையாகக் குணமாகும்.

முகத்தில் கவனிக்க வேண்டியது மூக்கு, கண்ணோரம், காது. முத்துப் போலப் பளபளப்பாகவோ கறுப்பாகவோ ஒரு முடிச்சு, பொருக்குத் தட்டி, உதிர்ந்து, ரத்தம் வந்து, மறுபடி பொருக்குத் தட்டினால் அது பேசல் செல் வகைத் தோல் புற்றாக இருக்கலாம். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் போவது மிக அபூர்வம். ஆனால் விட்டால் மூக்கையும் இமையையும் அரித்துவிடும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிராக இருப்பதால் வெயில் உறைப்பதே தெரியாது. பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவர்கள் அங்கே தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் வெளியே போகக் கூடாது. அவர்களுக்குத் தோல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

கடைசியாக வாயைத் திறந்து பாருங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர் வீட்டில் இருந்தால் தோலைவிட வாய்ப்புற்றுதான் நமக்குப் பெரிய கவலை. கன்னத்து உட்பக்கம் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. ஒவ்வொரு புள்ளிக்கும் ஐந்து கேள்வி

நடுவில் கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருக்கிறதா? ஓரம் தெளிவாக இருக்கிறதா, அல்லது கடற்கரை ஓரம் போல வளைந்து நெளிகிறதா? ஒரே நிறமா, அல்லது கறுப்பு, பழுப்பு, சிவப்பு, நீலம் கலந்திருக்கிறதா? குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு, அதாவது பென்சிலின் பின்பக்கத்துக்கு மேல் இருக்கிறதா? கடைசியாக, மாறுகிறதா?

ஐந்தில் கடைசிக் கேள்விதான் கனமானது. நாற்பது வருடமாக அப்படியே இருக்கும் பெரிய மச்சம் என்னைப் பயமுறுத்தாது. ஆறு மாதத்தில் இரு மடங்கான சின்ன மச்சம் பயமுறுத்தும். நாற்பது வயதுக்கு மேல் புதிதாக முளைத்து வளரும் மச்சம், காரணமில்லாமல் அரிக்கும் அல்லது ரத்தம் வரும் மச்சம், உங்கள் மற்ற மச்சங்களின் ஜாடையே இல்லாமல் தனியாகத் தெரியும் மச்சம் ஆகியவற்றையும் காட்டிவிடுங்கள். முடி முளைத்திருந்தால் ஆபத்தில்லை என்றும், முடி முளைத்தால்தான் ஆபத்து என்றும் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். இரண்டையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

8. படம், குறிப்பு, பிறகு காத்திருப்பது

சந்தேகப்படும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம். ஒன்று தூரத்திலிருந்து, உடம்பில் எந்த இடம் என்று தெரிய. இன்னொன்று கிட்டத்தில், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து. போனில் பியூட்டி மோடு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மச்சத்தையே மழுப்பிவிடும். ஒரு பெண் ஆறு மாதப் படங்களை எடுத்து வந்தாள், எல்லாவற்றிலும் தோல் பளிங்கு மாதிரி இருந்தது. நோட்டில் தேதி, இடம், வலமா இடமா, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள்.

மேலே சொன்ன எந்த அறிகுறியும் இல்லை, மனதுக்கு மட்டும் உறுத்துகிறது என்றால் ஒரு மாதம் கழித்து அதே ஜன்னலில் அடுத்த படம் எடுங்கள். நடுவில் தினமும் பார்க்காதீர்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, பயம் மட்டும் வளரும். நகக் கோடு பக்கத்துத் தோலுக்குப் பரவியது, ரத்தம் வருவது, வேகமாக வளர்வது, நாலு வாரம் தாண்டிய புண் ஆகியவற்றுக்கு இந்த ஒரு மாதம் பொருந்தாது.

இந்தக் காலத்தில் எதையும் தடவவோ கட்டவோ வேண்டாம். சுண்ணாம்பு, சேங்கொட்டை, ஆசிட், குதிரை முடி, எதுவும். மருவுக்குக் கோவிலில் உப்பும் மிளகும் போடுவதாக வேண்டியிருந்தால் தாராளமாகப் போடுங்கள், அதனால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அழகு நிலையத்தில் மச்சத்தைச் சுட்டு எடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி எடுத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி கறுத்தது. முதலில் இருந்தது என்ன என்று சொல்ல யாரிடமும் ஒரு துளி சதைகூட மிச்சமில்லை.

9. டாக்டரிடம் போகும் நாள்

தோல் டாக்டரிடம் நேராகப் போங்கள். சேலம் நகரில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்வது, அங்கே தோல் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளிச் சீட்டு காலையில்தான். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து சேர நேரமாகும், முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஆதாரும் காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும். அன்றைக்குப் பவுடர், மை, மஞ்சள் வேண்டாம். மெட்டியும் கொலுசும் சுலபமாகக் கழற்றும்படி இருக்கட்டும்.

உள்ளே போனதும் பயத்தை விளக்குவதற்கு முன் நோட்டைக் காட்டுங்கள். ‘இடது உள்ளங்கால், 5 மில்லிமீட்டர், மார்ச் மாதம் 3 மில்லிமீட்டர்தான் இருந்தது’ என்று ஆரம்பித்தால் டாக்டரிடம் கிடைக்கும் இரண்டு நிமிடமும் உங்களுக்குப் பயன்படும். டெர்மோஸ்கோப் என்ற விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் பார்ப்பார்கள், வலிக்காது. உள்ளங்காலில் கறுப்பு ரேகைப் பள்ளத்தில் ஓடுகிறதா, மேட்டில் ஓடுகிறதா என்பதுவரை அதில் தெரியும். பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். என் புள்ளிக்குப் பதில் கிடைத்தது அப்படித்தான். வேறு எங்காவது உறுத்தல் இருந்தால் அதையும் அன்றே காட்டிவிடுங்கள். கதவுவரை வந்த பிறகு ‘இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்’ என்று திரும்புகிறவர்களில் பலர் மறைத்தது இடுப்பிலோ பிறப்புறுப்பிலோ இருக்கும் புண்.

10. சதைப் பரிசோதனை சொன்னால்

பயாப்ஸி என்றதும் ‘கத்தி பட்டா பரவிடும்’ என்று ஊரே சொல்லும். தோல் புற்றை அப்படிப் பரவவைப்பது பயாப்ஸி இல்லை. இந்த ஒரு பேச்சை நம்பி வீட்டுக்குத் திரும்பியவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம் கஷ்டப்பட்டவர்கள்.

மரத்துப்போக ஊசி போடுவார்கள், அந்த ஊசிதான் வலி. பிறகு முழுதாக வெட்டி எடுப்பார்கள், அல்லது பேனா போன்ற வட்டக் கத்தியால் 3, 4 மில்லிமீட்டர் எடுப்பார்கள். இதற்கு வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. சாப்பிடாமல் வந்து மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இருதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். காலில் எடுத்தால் வண்டி ஓட்ட ஆள் வேண்டும். முகத்தில் தையல் சுமார் ஒரு வாரத்தில் பிரிக்கப்படும், காலிலும் முதுகிலும் இரண்டு வாரம்வரை ஆகும்.

சிலசமயம் சதை இருக்கும் பாட்டிலை உங்கள் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். பேர், வயது, எந்தப் பக்கம் என்று லேபிளில் இருக்கிறதா, சதை மருந்தில் முழுகியிருக்கிறதா, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, அன்றே கொடுத்து ரசீது வாங்குங்கள். அழகுக்காக எடுக்கும் மச்சமாக இருந்தாலும் ‘எடுத்ததை லேபுக்கு அனுப்புறீங்களா, டாக்டர்?’ என்று கேளுங்கள்.

11. ரிப்போர்ட் வந்த பிறகு

ரிப்போர்ட்டை வாங்கிய இடத்தில் நின்று நெட்டில் தேடாதீர்கள். டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: சாதாரணமா, புற்றா, அல்லது இரண்டுக்கும் நடுவிலா? ஓரம்வரை முழுதாக எடுத்தாயிற்றா, மிச்சம் இருக்கிறதா? மெலனோமா என்றால் தடிமன் எத்தனை மில்லிமீட்டர்? அந்தத் தடிமனை வைத்துத்தான் அடுத்த சிகிச்சை முடிவாகிறது. 1 மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டி எடுப்பதோடு முடிந்துவிடும். கூடினால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

புற்று என்று வந்தால் லேபிலிருந்து உங்கள் சதையைச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடையும், மிச்சச் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். அடையாறு புற்றுநோய் மையத்துக்கோ வேறெங்கோ போனால் அவற்றை வைத்து அவர்களே மறுபடி பார்ப்பார்கள், உங்களைத் திரும்ப வெட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. செலவைப் பற்றி மருத்துவமனையின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் முதல் நாளே கேளுங்கள். அறுவை முடிந்த பிறகு கேட்டால் முன் அனுமதி இல்லை என்று சிக்கலாகிவிடும்.

சாதாரணம் என்று வந்தால் ரிப்போர்ட்டை மாற்றுச் சான்றிதழோடு ஒரே ஃபைலில் வையுங்கள். என் நோட்டில் அடுத்த பக்கத்துக்கு மாதத்தின் முதல் ஞாயிறு என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். காலை எட்டு மணி, ஜன்னல் ஓரம், முதலில் இடது பாதம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, பிறகு எண்ணெய் காய்ச்சப் போய்விடுகிறேன்.